புகைபோக்கியிற் குடியேறும் தேனீக்கள்

மலைநாட்டிலே முற்காலத்திற் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றில், குளிர் காய்வதற்கான கணப்படுப்பும், அதன் மேலே கூரையைக் கடந்து நிற்கும் புகைபோக்கியும் உண்டு. நுவரெலியா, அட்டன், பண்டாரவளை, அப்புத்தளை முதலிய இடங்களில் இவற்றை இன்றும் காணலாம். வடக்கிலும் கிழக்கிலும் கணப்படுப்பு இல்லையாயினும், அடுக்களையின் மேலே புகைக்கூடு வைத்துக் கட்டிய வீடுகள் உள. விறகு எரிந்த காலத்தில் நாள்தோறும் புகை சென்றுகொண்டிருந்த இவ்வழிகள், எரிவாயு அடுப்பும் மின்சாரமும் வந்த பின்னர் மாதக்கணக்காக, சில வீடுகளில் ஆண்டுக்கணக்காக, வெறுமையாய்க் கிடக்கின்றன. வெறுமையாய்க் கிடக்கும் இருண்ட குழாயொன்று தேனீக்களுக்கு ஏற்ற இருப்பிடம் என்பதை வீட்டார் அறிவது, பெரும்பாலும் அவை குடியேறிய பின்னரேயாம்.

மார்கழி, தை மாதக் குளிரில் அடுப்பை மூட்ட எண்ணும் வேளையிலே புகைபோக்கியிலிருந்து இரைச்சல் கேட்கும். அல்லது அறையின் கண்ணாடிச் சன்னலோரத்தில் நாள்தோறும் சில தேனீக்கள் இறந்து கிடக்கும். கூரையை நிமிர்ந்து பார்த்தால், புகைபோக்கியின் தலைப்பிலே ஈக்கள் போவதும் வருவதுமாயிருக்கும். இந்நிலையில் வீட்டார் முதலிற் செய்ய நினைப்பது கீழே பெருநெருப்பு மூட்டுவதே. செய்யத்தகாதனவற்றுள் முதலாவதும் அதுவே. அதற்கான காரணம் பின்னர் விளக்கப்படும். அதற்கு முன்னர், குடியேறியிருப்பது எது என்று அறிதல் வேண்டும்.

வந்திருப்பது எது?

மலைநாட்டுத் தோட்டங்களிலே கொட்டும் பறவைப்பூச்சிகள் பலவற்றையும் குளவி என்ற ஒரே சொல்லினாற் குறிப்பது வழக்கம். பேச்சுக்கு அது போதும். ஏணியில் ஏறப்போகின்றவனுக்குப் போதாது. இலங்கையிலே தேன் சேர்க்கும் ஈக்கள் நான்கு வகையின. அவற்றுட் பெரியதான மலைத்தேனீ, சிங்களத்தில் பம்பரா எனப்படுவது, பாறைச் சரிவிலும் உயர்ந்த மரக்கிளையிலும் கட்டடங்களின் இறவாரத்திலும் வெளிச்சத்திலே ஒரே பெரிய வதையைத் தொங்கவிடும். புகைபோக்கியின் உள்ளே இது கட்டுவதில்லை. கொம்புத்தேனீயும் ஒற்றை வதையே கட்டுவது. அதன் வதை சிறியது, பற்றைகளிலே சிறு கொம்பைச் சுற்றியிருக்கும். கொசுத்தேனீ சுவர் வெடிப்புக்களில் வாழ்வது. அதற்குக் கொட்டும் முள் இல்லை. இருண்ட பொந்திலே ஒன்றுக்கொன்று இணையாகப் பல வதைகள் கட்டி வாழ்வது, நாம் பெட்டியில் வளர்க்கும் சாதாரண தேனீயாகும். புகைபோக்கியில் வதை கட்டியிருப்பது இதுவே.

குளவிக் கூடு இவையெல்லாவற்றினும் வேறுபட்டது. அது மெழுகாலன்றி, மரப்பொடியை மென்று செய்த, கடதாசி போன்ற பொருளாலானது. நிறம் சாம்பல் அல்லது மண்ணிறம். அதிலே தேன் இராது. ஐயமுள்ள வீட்டார் இன்னொரு சோதனையும் செய்யலாம். தேனீக் கூட்டின் அருகே சுவரை மெல்லத் தட்டினால், உள்ளிருக்கும் ஈக்கள் யாவும் ஒருசேர, பாம்பு சீறுவது போன்ற ஒலியை ஒரு கணம் எழுப்பி ஓய்ந்துவிடும். இவ்வொலி நம்நாட்டுத் தேனீயின் இயல்பு.

இறவாரத்திலோ புகைபோக்கியின் வெளிப்புறத்திலோ தொங்குவது மலைத்தேனீயின் வதையெனக் கண்டால், இத்துண்டுப்பிரசுரத்திற் சொல்லப்படும் முறைகள் எவையும் அதற்குப் பொருந்தா. அதனைக் கலைத்தால் நூற்றுக்கணக்கான ஈக்கள் நெடுந்தூரம் துரத்திவந்து கொட்டும். அதனால் உயிர்ச்சேதமும் நேர்ந்துள்ளது. சிறுவர் கல்லெறியாமற் காத்து, பழக்கமுள்ளவர்களை அழைப்பதே வழி.

புகைபோக்கியை நாடுவது ஏன்?

கண்டி இராச்சியத்திலே 1660 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய உறொபேட்டு நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 ஆம் ஆண்டில் வெளியான தமது நூலிலே இந்நாட்டுத் தேனீக்களைப் பற்றியும் எழுதியுள்ளார். மரப்பொந்துகளிலும் கறையான் விட்டுச்சென்ற புற்றுக்களிலும் இவை கூடு கட்டுவதையும், ஊரார் வாயால் ஊதி ஈக்களைக் கலைத்துவிட்டு, உடம்பை மூடாமலே கையை உள்ளே விட்டு வதைகளை எடுப்பதையும் அவர் குறிக்கின்றார். அன்று மரப்பொந்தும் புற்றும் வேண்டிய மட்டும் இருந்தன. மலைச்சரிவுகளிலே காடு அழிந்து முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் வந்தபின், பொந்துள்ள முதுமரங்கள் அருகிவிட்டன. தேனீயின் தேவையோ மாறவில்லை. இருள், மழை படாத மேற்புறம், காவல் செய்வதற்கு இலகுவான சிறிய வாயில், வதைகள் தொங்குவதற்குரிய உறுதியான கூரை ஆகிய இவையே அது தேடுவன. தலையிலே கற்பலகை மூடி பக்கத்திலே சிறு திறப்புக்கள் விடப்பட்ட புகைபோக்கி, தேனீயின் நோக்கில், உட்புறம் குடைந்த மரமேயாகும். பழைய புகைக்கரியின் நாற்றம் அதனைத் தடுப்பதில்லை.

தேனீக்கள் திடீரென வந்து சேர்வனபோலத் தோன்றினும், உண்மை அவ்வாறன்று. பெருகிய குடும்பமொன்று பிரியும்போது, பழைய இராணியுடன் வெளியேறும் திரள் அருகிலுள்ள கிளையொன்றிற் தொங்கிக்கொண்டிருக்க, வேவுத் தேனீக்கள் சென்று பொந்துகளை ஆராயும். பத்துப் பதினைந்து ஈக்கள் புகைபோக்கியின் வாயிலே உள்ளும் புறமும் நுழைந்து திரிவதைக் கண்டால், அவை தேன் தேடி வந்தன என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. வீடு பார்க்க வந்தவை அவை. வாயிலைக் கம்பிவலையால் அடைப்பதற்கு அதனினும் நல்ல நேரம் கிடையாது. அரைமணி நேர வேலை, செலவும் அற்பம். அத்தருணத்தைத் தவறவிட்டவர்களுக்கே இனிவரும் பகுதிகள் பயன்படும்.

நெருப்பும் நஞ்சும்

தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகுவது. அவ்வெப்பத்தை அடையுமுன்னரே, தேன் நிறைந்த வதை இளகி, தன் பாரம் தாங்காது அறுந்து விழும். கீழே நெருப்பெரியும்போது நிகழ்வது இதுவே. குஞ்சுகளையுடைய கூட்டிலிருந்து தேனீக்கள் எளிதில் நீங்கா. வதைகளைப் பற்றிக்கொண்டே இருக்கும். வெப்பம் மிக, வதைகள் தேனுடனும் புழுக்களுடனும் உயிருள்ள ஈக்களுடனும் நெருப்பின்மேல் விழும். எஞ்சிய ஈக்கள் அறையினுள்ளே பாயும். உருகிய மெழுகு பழைய புகைக்கரியோடு சேர்ந்து பற்றிக்கொண்டால், புகைபோக்கியே உள்ளிருந்து எரியும். மரச்சட்டங்களும் பலகைத் தளமுமுடைய பழைய வீட்டிலே அதன் விளைவு சொல்ல வேண்டியதன்று. மண்ணெண்ணெய் ஊற்றுதலும் இவ்வகையிலே சேர்ந்தது.

நஞ்சு தெளிப்பது இலகுவான வழிபோலத் தோன்றும். ஈக்கள் இறந்துவிடும் என்பது மெய். ஆனால் கூடு அங்கேயே இருக்கும். குடும்பமொன்று உயிரோடிருக்கும்வரை வதைகளைச் சிறகடித்துக் குளிர்வித்தும் எறும்பையும் அந்துப்பூச்சியையும் துரத்தியும் காப்பது வேலைக்காரத் தேனீக்களே. அவை இறந்தபின் காப்பாரில்லை. சில நாட்களிற் புழுக்கள் அழுகி நாறும். மூடப்படாத தேன் புளித்து வடிந்து, சுண்ணச் சுவரிலே மாறாத கறையாக இறங்கும். மெழுகுப்பூச்சியின் புழுக்கள் வதைகளைத் துளைத்து நூலாம்படை போன்ற வலையால் நிரப்பும்; எலியும் கரப்பானும் எறும்பும் பின்தொடரும். இதனினும் கேடானது ஒன்றுண்டு. காவலற்ற தேனை மணந்தறிந்து அயலிலுள்ள தேனீக்கள் கொள்ளைக்கு வரும். நஞ்சு கலந்த தேனைத் தம் கூட்டிற்குக் கொண்டுசெல்லும். ஒரு வீட்டில் தெளித்த நஞ்சு, அரைமைல் தூரத்திலே பெட்டி வைத்திருக்கும் கமக்காரரின் குடும்பங்களையும் அழிக்கக்கூடும். பாகல், பூசணி, கெக்கரி ஆகியவற்றில் ஆண்பூவும் பெண்பூவும் வேறுவேறானவை. ஈக்கள் சென்று வராவிடின் அவை காய்ப்பதில்லை. நட்டம் யாருடையது என்பதை வீட்டுத்தோட்டம் வைத்திருப்போர் எண்ணிப்பார்ப்பாராக.

முதல் இரண்டு நாட்கள்

திரள் வந்து சேர்ந்து ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகியிருப்பின், உள்ளே வதை இராது. இருப்பினும் கையகலமே இருக்கும். முட்டையும் புழுவும் இல்லாதபடியால், ஈக்களை அங்கே கட்டிவைப்பது எதுவுமில்லை. இந்நிலையில் மாத்திரம் புகையால் அவற்றை எழுப்பலாம். வேண்டியது நெருப்பன்று, குளிர்ந்த புகையே. தகரப்பேணி ஒன்றிலே உலர்ந்த பொச்சுமட்டைத் துண்டுகளைக் கனல விட்டு, அதன்மேல் ஈரமான இலைகளை இட்டு, அடுப்பின் அடியில் வைத்தல் வேண்டும். சுவாலை எழும்பாதபடி ஒருவர் அருகிலிருந்து கவனித்தல் அவசியம். அடுப்பின் வாயை ஈரச்சாக்கினால் மூடி, மேல்வாயைத் திறந்தே விடுக. புகை மெல்ல மேலேறத் திரளும் மேலால் வெளியேறும்.

இதனை முற்பகலிற் செய்வது நன்று. மாலையில் எழுப்பப்பட்ட திரள் போக்கிடமின்றி இருட்டியதும் அதே இடத்திற்குத் திரும்பும். அல்லது திறந்த சன்னல் வழியே விளக்கொளியை நாடி வீட்டினுள்ளே வரும். வெளியேறிய திரள் முதலில் அயலிலுள்ள மரக்கிளையிலே தொங்கும். தேனீப்பெட்டி உள்ளவர்களுக்கு அது வருந்தாமற் கிடைத்த குடும்பம். இல்லாதவர்கள் அதனைத் தொந்தரவு செய்யாதிருப்பின் தானே போய்விடும். ஆனால், போன அன்றே புகைபோக்கியை அடைத்தல் வேண்டும்.

மூன்று நான்கு நாள் கடந்துவிட்டால் இம்முறையைக் கைவிடுக. வதையில் முட்டை வந்துவிட்டது என்று கொள்க.

விட்டுவைக்கலாமா?

எல்லாக் கூடுகளையும் அகற்றியே தீரவேண்டும் என்பதில்லை. அடுப்பு பாவனையில் இல்லாமலும், ஈக்கள் போய்வரும் வாயில் ஆட்கள் நடமாடும் இடத்திற்கு மிக உயரத்திலும் இருந்தால், அடுப்பின் வாயைத் துளையின்றி அடைத்துவிட்டு அவற்றை அவ்வண்ணமே இருக்கவிடலாம். நம்நாட்டுத் தேனீ நிலையாக ஓரிடத்தில் வாழ்வதன்று. பூக்கள் குறைந்து உணவு அருகும் காலத்தில், வதைகளை வெறுமையாக்கிவிட்டு முழுக்குடும்பமும் வேறிடம் போய்விடுவது அதன் வழக்கம். அவ்வாறு வாயிலிற் போக்குவரத்து நின்றுவிட்டதைக் கண்டால், ஒரு கிழமைக்குள்ளே வெறும் வதைகளை இறக்கி வழியை அடைத்தல் வேண்டும். தாமதித்தால் முதலில் மெழுகுப்பூச்சி வரும். அடுத்த பருவத்தில் இன்னொரு திரளும் வரும்.

வீட்டிலே கைக்குழந்தையோ, முன்னர் ஒரு கொட்டினால் மூச்சுத்திணறல் கண்டவரோ இருப்பின் இவ்வாறு பொறுத்திருப்பது தகாது.

கூட்டைப் பெட்டிக்கு மாற்றுதல்

பெரும்பாலான புகைபோக்கிகளில் வதைகள் மேல்மூடிக் கற்பலகையின் அடியிலேயே தொங்கும். சிலவற்றில், அடுப்புக்குச் சற்று மேலே புகைவழி ஒடுங்கும் இடத்துக் கல்விளிம்பிலிருந்து தொங்குவதும் உண்டு. எது என்று அறிய, இரவிலே அறையின் விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பினுள்ளே முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, சிவப்புத் தாள் சுற்றிய மின்சூளின் ஒளியிற் பார்க்கலாம். தலையை உள்ளே நீட்டிப் பார்த்தல் கூடாது.

வேலைக்கு இருவராவது வேண்டும். ஒருவராவது முன்னர் தேனீயைக் கையாண்டவராயிருத்தல் வேண்டும். அவ்வாறானவர் ஊரில் இல்லாவிடின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவையிலுள்ள, விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த தேனீ வளர்ப்புப் பிரிவும் ஆலோசனை அளிக்கும். தகரக்கூரையும் பாசி பிடித்த ஓடும் தேனீயைவிடக் கூடிய ஆபத்து விளைப்பன. ஈ ஒன்று கொட்டினால் வீங்கும். கொட்டப்பட்டவர் துள்ளினால் விழுவார். எனவே ஏணியின் தலையைக் கட்டி, இடுப்பிலும் கயிறு கட்டிக்கொள்ளாமல் எவரும் ஏறலாகாது.

முகவலை, வெளிர்நிற உடை, கணுக்காலிலே கட்டிய காற்சட்டை ஆகியன போதும். கறுப்புக் கம்பளி ஈக்களைச் சினமூட்டும். வாசனைத் தைலமும் அவ்வாறே. புகையூதி, நீண்ட மெல்லிய கத்தி, கோழியிறகு, மூடியுள்ள வாளி, ஈரத்துணி, நன்றாக ஊறிய வாழைநார் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்க. பெட்டி, நம்நாட்டுத் தேனீக்கு ஏற்ற அளவினதாயிருத்தல் வேண்டும். ஐரோப்பியத் தேனீக்குச் செய்த பெரும்பெட்டி இதற்கு உதவாது. 1910 ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலே நியூட்டன் என்னும் பாதிரியார் இத்தேனீக்கென்றே அமைத்த சிறு பெட்டி ஏற்றது. அதன் சட்டம் உள்ளளவில் 8¼ அங்குல நீளமும் 5¾ அங்குல உயரமும் உடையது. முற்காலத்திற்போல மண்முட்டியிலும் வளர்க்கலாம். ஆயினும், அறுத்த வதைகளை அதனுள் நிலையாகக் கட்டுதல் இயலாது.

மழையில்லாத நாளின் பிற்பகல் மூன்று மணியளவில் தொடங்குதல் நன்று. தொழில் வெளிச்சத்தில் முடிதல் வேண்டும். முடிந்தபின், ஈக்கள் ஒன்றுகூட இருட்டும்வரை நேரமும் இருத்தல் வேண்டும். முதலில் அறையின் சன்னல்களை மூடித் திரையிட்டு, அடுப்பின் வாயை ஈரச்சாக்கினால் அடைக்க. பின்னர் மேலே ஏறி, வாயிலில் இரண்டு மூன்று முறை புகையூதி, சில நிமிடம் பொறுத்து, மூடிப்பலகையை மெல்லக் கிளப்புக. புகை பட்டதும் ஈக்கள் தேனை உண்டு வயிறு நிரப்பிக்கொள்ளும். வயிறு நிரம்பிய ஈ கொட்ட விரும்பாது. புகை மிகுந்தாலோ அவை வதைகளை விட்டோடிப் புகைவழியின் மூலைகளிற் கொத்தாய்ப் பதுங்கிவிடும். இராணியைக் காண்பதும் அரிதாகிவிடும்.

வதைகள் பலகையோடே ஒட்டி மேலே வந்தால் வேலை பாதியாகும். பலகையை இரு செங்கல்லின்மேல், வதைகள் தொங்கும் நிலை மாறாதபடி நிறுத்துக. ஓரத்து வதையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாய் அறுத்தல் வேண்டும். வதையை ஒருபோதும் தட்டையாகப் பிடித்தல் ஆகாது. புதிய வதை ஈரக்கடதாசி போல மடிந்துவிடும். ஈக்களைக் கோழியிறகினாற் பெட்டியினுள் மெல்லத் தள்ளி, வதையின் மேற்பாகத்திலுள்ள தேன் பகுதியை அறுத்து வாளியிலிட்டு மூடுக. முட்டையும் புழுவும் உள்ள பகுதியே பெட்டிக்குரியது. அதனைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, மேற்புறம் மேற்புறமாகவே இருக்க, மேற்சட்டத்தோடு அணைத்து வாழைநாரால் இரண்டு மூன்று சுற்றுக் கட்டுக. தலைகீழாய்க் கட்டிய வதையில் அறைகளின் சாய்வு மாறிவிடும். ஈக்கள் அதனை ஏற்கா. வடிகின்ற தேன் வதையைப் பெட்டியில் வைத்தால் எறும்பும் கொள்ளையும் அன்றே தொடங்கும். சட்டங்களை, நடுவிலிருந்து நடுவுக்கு ஏறக்குறைய 1¼ அங்குல இடைவெளியில், கூட்டில் இருந்த ஒழுங்கிலேயே வைக்க.

யாவற்றிலும் முக்கியமானது இராணி. அது ஏனைய ஈக்களினும் நீண்ட வயிறும், அதற்குக் குட்டையாய்த் தோன்றும் சிறகும் உடையது. ஒளியைக் கண்டதும் விரைந்தோடி ஒளிந்துகொள்ளும். கண்டால், சிறுகூட்டில் அடைத்துப் பெட்டியின் நடுச்சட்டங்களுக்கிடையில் வைக்கலாம். காணாவிடினும் கலங்க வேண்டியதில்லை. ஈக்கள் அடர்ந்து மொய்க்கும் கொத்தை அகப்பையாலோ கையாலோ எடுத்துப் பெட்டியிலிடுக. சிறிது நேரத்தில் பெட்டியின் வாயிலிலே சில ஈக்கள் வயிற்றின் நுனியை உயர்த்தி நின்று சிறகடிப்பதும், புகைபோக்கியிலுள்ளவை வரிசையாய் நடந்து பெட்டிக்குள் நுழைவதும் கண்டால், இராணி உள்ளே வந்துவிட்டது என அறியலாம். மாறாக, பெட்டியிலிருந்து ஈக்கள் வெளியேறிப் புகைவழிக்கே திரும்பினால், இராணி அங்கேயே இருக்கின்றது. மறுபடியும் தேடுதல் வேண்டும்.

பெட்டியைப் புகைபோக்கியின் வாயிலுக்கு மிக அருகில், பழைய வாயில் இருந்த உயரத்தில் இருட்டும்வரை விட்டுவைத்து, இரவிலே வாயிலைக் கம்பிவலையால் மூடி இறக்குக. இறக்கிய பெட்டியை அதே வளவில் வைத்தால், மறுநாள் வெளிச்செல்லும் ஈக்கள் பழைய இடத்திற்கே திரும்பிக் கூரையிற் திரண்டு நிற்கும். ஒன்றரை மைலுக்கு அப்பால் இரண்டு மூன்று கிழமை வைத்திருந்து, வேண்டுமாயின் பின்னர் மீளக் கொண்டுவரலாம்.

புதிய இடத்திலே பெட்டியின் கால்களை நீர் நிறைந்த சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சீனியும் நீரும் சமனாய்க் கரைத்த பாகை, மாலை வேளையிலே பெட்டியின் உள்ளே வைத்து, முதற் கிழமை கொடுத்து வருக. இராணியை அடைக்காது விட்டவர்கள், இராணி புகமுடியாத தகட்டினை நான்கைந்து நாட்கள் வாயிலில் மாட்டிவைத்தல் வேண்டும். இடம் பிடிக்காவிடில் எல்லாவற்றையும் விட்டுப் பறந்துவிடும் குணம் இத்தேனீக்கு உண்டு. ஆயினும் இராணியின்றி அது போகாது. நான்கைந்து நாளில் ஈக்கள் வதையைச் சட்டத்தோடு ஒட்டி, நாரையும் கடித்துப் பிய்க்கத் தொடங்கியிருக்கும். அப்போது நாரையும் தகட்டையும் நீக்கிவிடலாம்.

வாளியிற் சேர்ந்த தேன் சில போத்தல்களுக்கு மேல் இராது. மெழுகால் மூடப்பட்ட அறைகளிலுள்ளதும், புகைக்கரி படாததுமான தேனை மாத்திரம் வீட்டில் உண்ணலாம். நஞ்சு தெளித்த கூடாயின் ஒரு துளியும் ஆகாது. சேனை வைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. தேன் எத்துணைத் தூயதாயினும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதனைக் கொடுத்தல் கூடாது.

கைக்கு எட்டாத கூடு

மேலிருந்தும் கீழிருந்தும் கை எட்டாத நடுவழியிலே கூடு இருந்தால், சுவரை இடிக்காமல் ஈக்களைப் படிப்படியாக வெளியே கொணரும் முறை ஒன்று உண்டு. கம்பிவலையைக் கூம்பாய்ச் சுருட்டி, ஏறத்தாழ ஓர் அடி நீளமும், நுனியில் ஓர் ஈ மாத்திரம் வெளிவரக்கூடிய அளவாக ஏறக்குறைய 3/8 அங்குலத் துளையும் இருக்கச் செய்து, அகன்ற அடிப்பாகத்தைப் புகைபோக்கியின் வாயிலோடு பொருத்துக. ஏனைய திறப்புக்கள் அனைத்தையும் அடைத்துவிடுக. வெளியேறிய ஈ திரும்பி வரும்போது பழைய வாயில் இருந்த அடிப்பாகத்தையே தேடும், நுனியை அறியாது. கூம்பின் நுனிக்கருகே, வேறொரு குடும்பத்திலிருந்து எடுத்த முட்டையும் இளம்புழுவும் உள்ள வதை ஒன்றை வைத்த பெட்டியை நிறுத்தினால், வீடிழந்த ஈக்கள் அதனுட் புகுந்து, அவ்வதையிலிருந்து புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும்.

முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர ஏறக்குறைய மூன்று கிழமை செல்லும். ஆகையாற் கூம்பை நான்கு கிழமைக்குக் குறையாமல் விட்டுவைத்தல் வேண்டும். பழைய இராணி பெரும்பாலும் உள்ளேயே தங்கி மாயும். சிலவேளை எஞ்சியவற்றோடு வெளியேறிப் போய்விடும். இம்முறை பொறுமையுள்ளவர்க்கே உரியது. உள்ளே விடப்பட்ட தேனும் மெழுகும் தாமே மறைந்துவிடா. கூம்பை நீக்கியபின், நீண்ட தடியில் இரும்புக் கொழுக்கி பொருத்தி, எட்டிய மட்டும் வதைகளை அறுத்து விழுத்துதல் வேண்டும்.

கொட்டினால்

கொட்டிய முள்ளைத் தாமதியாது அகற்றுக. நகத்தாற் சுரண்டுவதா, பிடுங்குவதா என்று யோசித்து நிற்பதைவிட விரைவே முக்கியம். முள்ளோடு விடப்பட்ட நச்சுப்பை அந்நேரமெல்லாம் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். அவ்விடத்திலிருந்து வாழைப்பழம் போன்ற மணம் எழும். ஏனைய ஈக்களை அதே இடத்திற்கு அழைக்கும் மணம் அது. ஆகவே கழுவி, குளிர்ந்த நீரிலே தோய்த்த துணியை இடுக. உடம்பெங்கும் தடிப்பு, முகம் அல்லது நாக்கு வீங்குதல், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கைமருந்து பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. பல ஈக்கள் கொட்டியவரையும், வேறு குறி தோன்றாவிடினும், அவ்வாறே செய்தல் வேண்டும்.

ஈக்கள் அறையினுள் வந்துவிட்டால் துணியால் அடிப்பதிற் பயனில்லை. விளக்கை அணைத்து, எல்லாச் சன்னல்களையும் திரையிட்டு, ஒன்றை மாத்திரம் திறந்து வைத்தால், ஒளியை நாடி அவ்வழியே வெளியேறிவிடும்.

வழியைத் துப்புரவாக்கி அடைத்தல்

கூடு போன இடத்திலே மெழுகின் மணம் நெடுநாள் நிற்கும்; அம்மணமே அடுத்த திரளுக்கு அழைப்பு. ஆகவே கற்பலகையிலும் சுவரிலும் ஒட்டியுள்ள மெழுகைக் கரண்டியாற் சுரண்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, எட்டக்கூடிய இடங்களுக்குச் சுண்ணாம்பு பூசுக. புகைவழியைத் தூரிகையால் ஒருமுறை முற்றாகத் துடைத்து, கரியையும் மெழுகுத் துணுக்கையும் கீழே இறக்கிய பின்னரே அடுப்பு மூட்டலாம். முதல் நெருப்பு சிறிதாயிருத்தல் வேண்டும். ஒருவர் வெளியே நின்று புகைபோக்கியின் தலைப்பைக் கவனித்துக்கொண்டிருப்பது நன்று.

திறப்புக்களுக்கு அங்குலத்திற்கு 8 கண் கொண்ட கம்பிவலை போதுமானது. அதனினும் பெரிய கண்ணாயின் ஈ நுழையக்கூடும். இரும்பு வலை மலைநாட்டு ஈரத்தில் விரைவில் துருப்பிடிக்குமாதலால், பித்தளை வலையோ துருவேறா உருக்கு வலையோ இடுவது மேல். பாவனையிலுள்ள அடுப்பாயின் இச்சிறு கண்களைப் புகைக்கரி விரைவில் அடைத்துவிடும். அடைபட்ட வலை புகையை அறைக்குள் திருப்பும். மூடிய அறையிலே உறங்குவோருக்கு அது உயிராபத்தாகும். ஆகையால் நெருப்பு எரியும் மாதங்களில் வலையைக் கழற்றி வைத்து, நெருப்பு நின்று புகைபோக்கி ஆறியதும் மீண்டும் பொருத்துவதே தக்கது. சட்டமொன்றில் வலையை அடித்து, இரு கொழுக்கிகளால் மாட்டக்கூடியதாகச் செய்துகொண்டால், இதற்கென ஆண்டுதோறும் தச்சனை அழைக்க வேண்டியிராது.